வாங்க வராதவர்கள்

9 ஜூன் 2025, திங்கள்

பக்ரீத் முடிந்து இரண்டு நாள். காலையில் நெடுஞ்சாலை ஓரம் உப்புப் போட்ட தோல் ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். வண்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டார் கோபி. "பொத்தாத, நம்ம சோறே அதுலதான் வருது" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். பதினாலு வருடமாகத் தோல் வெட்டுகிறார், அவர் மூக்குக்கு எதுவும் உறைக்காது.

வழக்கம்போல் கல்லூரிக்கு முன்னாலேயே பஸ் நிழற்குடையில் இறக்கிவிட்டார். அங்கேதான் யூ டர்ன் போட வசதியாம். அங்கிருந்து கேட்டுக்கு நூற்று நாற்பது தப்படி. எண்ணியிருக்கிறேன்.

ஆபீசில் புது வேலை. பழைய கட்டிடத்தை இடிக்கப்போகிறார்கள். அதிலிருக்கும் இரும்பு பீரோவைக் காலி செய்ய வேண்டும். கண்காணிப்பாளர் சீனிவாசன் சார் சாவியை நீட்டினார். "எழிலரசி, எண்றதுன்னா உனக்கு உயிராச்சே. இந்தா, நல்லா எண்ணு."

பீரோ நிறைய பழுப்பு கவர். படிப்பைப் பாதியில் விட்டுப் போனவர்களின் அசல் மதிப்பெண் பட்டியல்கள், பள்ளியில் வாங்கி வந்த டிசிகள். சேரும்போது நாங்கள் வாங்கி வைத்துக்கொள்வோம். போகும்போது நேரில் வந்து ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றவர்கள் வாங்கவே வரவில்லை.

ஜூலை பதினொன்றுக்குள் வராதவை மூட்டை கட்டிச் சென்னைத் தலைமை ஆபீசுக்குப் போகும். அப்புறம் அங்கேயிருந்து வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

10 ஜூன், செவ்வாய்

மொத்தம் 163. ஆண்கள் 134. பெண்கள் 29.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். அதே கணக்குதான்.

எங்கள் கல்லூரியில் சேரும்போது பையன்களும் பெண்களும் ஏறக்குறைய சரிபாதிதான். அட்மிஷன் ரிஜிஸ்தரை நானே எழுதுகிறேன், எனக்குத் தெரியாதா? ஆனால் மூன்றாம் வருடக் கடைசியில் எடுக்கும் குரூப் போட்டோவில் மிஞ்சிய சில பையன்கள் பின்வரிசையில் ஒரு ஓரமாக நிற்பார்கள். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று நான்கு வருடமாக யோசித்ததில்லை. இந்த பீரோவில்தான் இருந்திருக்கிறார்கள்.

சாரிடம் கேட்டேன். "பசங்களுக்கு பொறுப்பு கம்மிம்மா" என்றார். இது ஒரு பதிலா?

11 ஜூன், புதன்

கோபி கம்பெனியில் ஒரு சேதி. கட்டிங் செக்‌ஷனிலிருந்து நான்கு பேரை சூப்பர்வைசர் பயிற்சிக்கு எடுக்கிறார்களாம். ஆறு மாதம், ராணிப்பேட்டையில் வகுப்பு. அவருடைய லைன் சூப்பர்வைசர் நந்தினி, இருபத்துநாலு வயதுப் பெண், பி.எஸ்சி. படித்துவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்து மேலே வந்தவள். அவளே கூப்பிட்டு, "அண்ணா, நீங்க போடுங்க, உங்க அளவுக்கு தோல் பாக்க இங்க ஆள் கெடையாது" என்று சொல்லியிருக்கிறாள். ஒரே நிபந்தனை, பிளஸ் டூ அசல் மதிப்பெண் பட்டியல் காட்டவேண்டும். கடைசி நாள் அதே ஜூலை பதினொன்று.

நான் குதித்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நம்முதுதான் வெள்ளத்துல போச்சே" என்றார்.

நான்கு வருடம் முன்னால் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பள்ளிகொண்டாவில் மாமியார் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அதில் போனதாக அப்போதே சொன்னார். நகலுக்கு எழுதிப்போடலாம் என்று நானும் எத்தனை தடவை சொல்லிவிட்டேன். பிடிகொடுக்கவே மாட்டார்.

12 ஜூன், வியாழன்

கவரில் போன் நம்பர் இருந்தவர்களுக்கெல்லாம் அடித்தேன். பாதி நம்பர் உயிரோடு இல்லை. கிடைத்த பையன்களில் காஷிஃப் என்று ஒருவன், ஒன்றரை வருடம் பி.பி.ஏ. படித்துவிட்டுத் தோல் மண்டிக்குப் போனவன். "நீங்களே வெச்சிக்கோங்கக்கா, எங்க வூட்ல எலி ஜாஸ்தி" என்றான். பக்கத்தில் யாரோ சிரிக்கிறார்கள்.

"வேலைக்குக் கேக்க மாட்டாங்களா?"

"எங்க மாமு மண்டிதான்க்கா, யாரு கேக்கப்போறாங்க? ஆதார்கூட கேக்கல."

எனக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகும் அவன் கவரைக் கையிலேயே வைத்திருந்தேன். ஏன்?

13 ஜூன், வெள்ளி

87-ஆவது கவர்.

கோபி த. தந்தை பெயர் தனகோடி. பள்ளிகொண்டா. பி.எஸ்சி. கணிதம், 2010 சேர்க்கை.

போட்டோவில் மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. காது மட்டும் அதே காது.

14 ஜூன், சனி

நேற்று அதற்குமேல் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. இன்று எழுதித்தான் ஆகவேண்டும்.

வெள்ளத்தில் போகவில்லை. பதினாலு வருடமாக, நான் வேலை பார்க்கும் இடத்தில், என் நாற்காலியிலிருந்து முப்பது தப்படியில் இருந்திருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது "பையன் பிளஸ் டூ" என்று சொன்னார்கள். கல்லூரியில் கால் வைத்ததாக ஒரு வார்த்தை கிடையாது. இதே கல்லூரி! எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது ஸ்வீட் வாங்கி வந்தவர் இவர்தான். "எப்டி இருக்கும் உள்ள?" என்று கேட்டார். கேட்டாரே! நான் மடச்சி மாதிரி மரம், கேன்டீன், லைப்ரரி என்று வர்ணித்திருக்கிறேன்.

யூ டர்னாம்!

இன்னொன்றும் நெஞ்சில் கிடக்கிறது. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.காம். போடவில்லை. எங்கள் பக்கம் எல்லார் பத்திரிகையிலும் படிப்பைப் போடுவார்கள். மாப்பிள்ளைக்குப் பட்டம் இல்லை, பெண்ணுக்கு மட்டும் போட்டால் நன்றாயிருக்காது என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசி இரண்டு பெயரையும் மொட்டையாக அச்சடித்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. மூணு வருஷம் ரெண்டு பஸ் மாறிப் போய்ப் படிச்சது. மூணு எழுத்து. அதுக்கு எடமில்லாம போச்சு. அவருக்காகத்தான்னு வாய மூடிக்கினு இருந்தேன். அவர் எங்கிட்ட இத மறைச்சிருக்காரு.

கோபம்தான். ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கிறது. ஏன் வாங்க வரவில்லை?

16 ஜூன், திங்கள்

ஒரு காரியம் செய்தேன். சாயங்காலம் கிளம்பும்போது 87-ஆவது கவரை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வண்டியில் எனக்கும் அவருக்கும் நடுவில் பை. வீடு வரை அவர் மார்க்‌ஷீட் அவர் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. ஒன்றும் தெரியாமல் ஆம்பூர் மேம்பாலத்தைத் திட்டிக்கொண்டு வந்தார்.

கொடுக்கவில்லை.

17 ஜூன், செவ்வாய்

கவரைத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டேன். நேரில் வரவேண்டும் என்பது விதி, அது ஒன்று. இன்னொன்று, நான் நீட்டினால் வாங்கிக்கொள்வார், தலையைக் குனிந்துகொண்டு. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே மாட்டோம். எனக்கு அவரைத் தெரியும்.

18 ஜூன், புதன்

163 பேருக்கும் கடிதம் தட்டச்சாகி வந்தது. "தாங்கள் நேரில் வந்து தங்கள் அசல் சான்றிதழ்களைப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." முதல்வருக்காக என்று போட்டுக் கீழே என் கையெழுத்து. 87-ஆவது கடிதம் வந்ததும் பேனா நின்றது. மற்ற 162 பேருக்குப் போட்ட மாதிரியே அவருக்கும் போட்டேன். பள்ளிகொண்டா முகவரிக்குப் போய்ச் சேரட்டும்.

கட்டிய கணவனுக்கு "ஐயா" என்று ஆரம்பித்துக் கடிதம் போட்டவள் வேலூர் மாவட்டம், திருப்பத்தூர் மாவட்டம் இரண்டிலும் சேர்த்து நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

23 ஜூன், திங்கள்

கடிதம் கிடைத்து வர ஆரம்பித்துவிட்டார்கள். பெண்கள்! இன்று மட்டும் ஐந்து பேர்.

அலீனா என்று ஒருத்தி. இரண்டாம் வருடத்தில் நிக்காஹ் ஆகி நின்றவள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, கூட மாமியார் ஹலீமா பீ. கவரைப் பிரித்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கொண்டு வந்த பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கினாள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"குடுக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்க்கா. பாதில நின்னதுக்கு திட்டுவாங்கன்னு."

"இப்ப எதுக்கு? திரும்பப் படிக்கப்போறியா?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். ஹலீமா பீ முந்திக்கொண்டு, "கொழந்த நடக்கட்டும், அப்பறம் தபால்ல எழுதட்டுமே, நான் இன்னா வேணாம்னா சொன்னேன்?" என்றார். அதைச் சொல்ல வைக்கத்தான் அலீனா மாமியாரைக் கூட்டி வந்தாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கெட்டிக்காரி.

25 ஜூன், புதன்

மத்தியானம் மாமியார் போன்.

"இன்னாம்மா எழிலு, உன் கையெழுத்து போட்டு உன் புருசனுக்கே லெட்டர் வந்துகீது? இன்னா கூத்து இது? எதுர்வூட்டுப் பொண்ணுகிட்ட குடுத்து படிச்சேன்."

"அத்த, அவரு காலேஜ்ல படிச்சாரா?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. பிறகு சம்பூர்ணம் அத்தை சொன்னார்: "ஒண்ணற வருசம் போனான்மா. பொண்ணு பாக்க வர்றப்ப சொல்லலாம்னுதான் உங்க மாமா சொன்னாரு. அவன்தான் வேணாம்னுட்டான். படிக்கவே போவலன்னா பரவால்ல, போய் பாதில வுட்டவன்னா கேவலமாப் பேசுவாங்கன்னு."

லெட்டரை மாமா நேராகக் கம்பெனி கேட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம்.

26 ஜூன், வியாழன்

காலையில் வழக்கம்போல் வண்டியில் ஏறினேன். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். நிழற்குடையில் இறங்கினேன். "வர்றேன்" என்றார். "ம்" என்றேன்.

நான் வாய் திறக்கப்போவதில்லை. ஆபீஸ் பேசிவிட்டது.

1 ஜூலை, செவ்வாய்

பெண்களில் 29-க்கு 21 பேர் வந்து வாங்கிவிட்டார்கள். ஒருத்தி ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். ஆண்களில் 134-க்கு 9.

இந்த ஒன்பதில் நான்கு பேருக்காக அம்மா வந்தார்கள், நேரில் வரவேண்டும் என்று நாங்கள் திருப்பி அனுப்ப, பிறகு பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

நான் ஒரு நாள் கல்லூரிக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அப்பா பஸ் ஸ்டாண்டில் நின்று கண்டக்டரைக் கேட்டிருப்பார். ஒரு வாரம் போகாவிட்டால் ஜாதகத்தை வெளியே எடுத்திருப்பார்கள். எங்கே போறே, யார்கூட வர்றே, ஏன் பத்து நிமிஷம் லேட்டு? எத்தனை பேஜார்! அதை நினைத்து அழுதிருக்கிறேன். என்னைப் படிப்பை முடிக்கவைத்தது அந்தப் பேஜார்தானா? பையன்களை யாரும் கேட்கவில்லையா?

அப்படி முடித்த என் வகுப்புப் பெண்கள் முப்பத்தெட்டுப் பேரில் இன்று வேலைக்குப் போவது எத்தனை என்று விரல் விட்டு எண்ணினேன். எனக்குத் தெரிந்து பதினொன்று. அதுவும் கேள்விதான். ஒரு கேள்வியைப் பிடித்து இழுத்தால் இன்னொன்று வருகிறது.

4 ஜூலை, வெள்ளி

நந்தினி மறுபடி கேட்டாளாம். யோசிக்கிறேன் என்றாராம். இதைச் சொன்னது அவரில்லை, அவருடன் வேலை பார்க்கும் முனீர் அகமது, மளிகைக் கடையில். "அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லுங்க, நாளு கம்மியா கீது." எல்லாரும் என்னிடமே சொல்லுங்கள்.

6 ஜூலை, ஞாயிறு

மத்தியானம் கோபி ஆற்காடு வரை போய் ஒரு பெட்டி மக்கன் பேடா ஸ்வீட்டோடு வந்தார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. எதற்கோ அடிபோடுகிறார் என்று தெரிந்தது. சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

"அத நீயே கொண்டாந்து குடுத்துடேன் எழிலு. ஒரே வூட்லதான இருக்கறோம்."

"நேர்ல வந்து கையெழுத்து போடணும்."

தரையைப் பார்த்தார். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. தமிழில் படித்துவிட்டு வந்து எல்லாம் இங்கிலீஷில். முதல் வருடத்தில் நான்கு அரியர். பக்கத்து பெஞ்சுப் பெண்களுக்கும் புரியவில்லைதான், ஆனால் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து மனப்பாடம் செய்தார்கள். பையன்கள் புரியாததை வெளியே காட்டிக்கொள்ளாமல் கிரிக்கெட் போனார்கள்.

"செமஸ்டர் லீவுல ஒரு வாரம் கம்பெனிக்குப் போய்ப் பாக்கலாம்னுதான் போனேன். தோஸ்த் ஒர்த்தன் கூப்ட்டான். காலேஜ் தொறந்த அன்னிக்கி நான் கட்டிங் டேபிள்ல நின்னுட்டிருந்தேன். இன்னிக்கி யாராச்சும் கேப்பாங்க, நாளைக்கி கேப்பாங்கன்னு பாத்தேன். ஒர்த்தரும் கேக்கல."

"வூட்ல?"

"சம்பளம் கொண்டாந்தேன். இன்னாத்துக்குக் கேக்கறாங்க?"

கேட்டிருந்தால் திரும்பப் போயிருப்பாராம். இதைச் சொல்லும்போது பேடாப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார். பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

"சரி, இப்ப நான் கேக்கறேன். ஏன் வாங்க வர்ல?"

"நீ அங்க வேல பாக்கற. நான் உள்ள வந்தா, எழிலரசி மேடம் வூட்டுக்காரரு பாதில ஓடிப்போனவராமேன்னு பேசுவாங்க. உனக்குத்தான அசிங்கம்?"

அப்போதுதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு அசிங்கமா? பத்திரிகைல என் படிப்ப போடாம வுட்டாங்களே, அன்னிக்கே பட்டாச்சு. உங்களுக்கு கொறச்சலா இருக்கும்னு என் பேரு மொட்டையா போச்சு. இதுக்குமேல இன்னா அசிங்கம் வரணும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பத்திரிகையா? அது எனக்குத் தெரியாது எழிலு. சத்தியமா தெரியாது."

தெரியாதுதான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஐந்து வருடமாக அவர் செய்யாத ஒன்றுக்கு அவர்மேல் மனத்தாங்கல் வைத்திருந்திருக்கிறேன். நானும் கேட்கவில்லையே!

10 ஜூலை, வியாழன்

வருவேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாளைக்கு ஐந்து மணிக்கு மூட்டை கட்டுகிறோம்.

11 ஜூலை, வெள்ளி

மூன்று மணி. நான்கு மணி. சாக்குப்பை வந்துவிட்டது. சீனிவாசன் சார் சணல் கேட்டார். "இருக்கு சார், தேடறேன்" என்று இல்லாத இடத்திலெல்லாம் தேடினேன்.

நான்கு முப்பத்தைந்துக்குக் கம்பெனி யூனிபார்மோடு வந்து கவுன்ட்டரில் நின்றார். சட்டைக் கையில் தோல் தூள். கையில் என் லெட்டர், நாலாக மடித்தது.

"பேரு?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"கோபி. அப்பா பேரு தனகோடி. பி.எஸ்சி. மேக்ஸ்." நிறுத்தினார். "ஒண்ணற வருசம்."

ரிஜிஸ்தரைத் திருப்பி வைத்தேன். தோலில் கோடு பிசகாமல் வெட்டும் கை, கட்டத்தைத் தாண்டிக் கையெழுத்துப் போட்டது. கவரை நீட்டினேன். பிரித்து அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இன்னா எழிலு, இப்டியா இருந்தேன்?" என்றார்.

சீனிவாசன் சார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "யாரும்மா, தெரிஞ்சவரா?"

"என் வீட்டுக்காரர் சார். 2010 பேட்ச்" என்றேன். சத்தமாகவே சொன்னேன், டைப்பிஸ்ட் ரூம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"அடடே" என்றார் சார். "அப்ப அந்த சாக்க ஒரு கை புடிங்க தம்பி."

இரண்டு பேருமாகச் சாக்கைத் தூக்கி நிறுத்தினார்கள். 119 பேர் உள்ளே. பெண்கள் ஐந்து, மீதி ஆண்கள். மூட்டையின் வாயைக் கோபிதான் கட்டினார். கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஐந்தரைக்குள் கம்பெனியில் விண்ணப்பம் கொடுக்கவேண்டும். நந்தினி கேட் பாஸ் போட்டுக்கொடுத்து, பேப்பரை வாங்கக் காத்திருந்தாளாம்.

12 ஜூலை, சனி

விண்ணப்பத்தின் நகலை வீட்டு பீரோவில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். குடும்ப விவரம் என்ற கட்டத்தில்: மனைவி, கோ. எழிலரசி, பி.காம். மற்றதெல்லாம் அவருடைய கோழிக்கிறுக்கல். அந்த ஒரு வரி மட்டும் அச்சு மாதிரி. அந்தக் கட்டத்தில் பெயரும் உறவும்தான் கேட்டிருந்தார்கள்.

25 ஜூலை, வெள்ளி

பட்டியல் வந்தது. நான்கு பேரில் கோபி இல்லை. காத்திருப்போரில் முதல் பெயர். எடுத்த நான்கில் மூன்று பேர் பெண்கள், மூவரும் டிகிரி முடித்தவர்கள். "அவங்களும் நல்லா பாப்பாங்க" என்றார். சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. எனக்கும்தான்.

28 ஜூலை, திங்கள்

மழை தூறியது. நிழற்குடையில் நிறுத்துவார் என்று இறங்கத் தயாரானேன். வண்டி நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி உள்ளே விட்டு, ஆபீஸ் படிக்கட்டில் நிறுத்தினார்.

செக்யூரிட்டி குடையோடு ஓடி வந்து, "சார், உள்ள வெளியாளுங்க வண்டி வரக்கூடாது" என்றார்.

"வெளியாள் இல்லீங்க" என்றார் கோபி. "பழைய ஸ்டூடண்ட்."